தி க்ளவ்வா, தி க்ரீச்சர்ஸா?

சூசி அண்ட் தி பான்ஷீஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ஒரே கூட்டிலிருந்து 1983-ல் இரண்டு ஆல்பங்கள் வந்தன. பாஸ் வாசிக்கும் ஸ்டீவன் செவரினும், அப்போது பான்ஷீஸுக்கும் கிதார் வாசித்துக்கொண்டிருந்த தி க்யூர் ராக் குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித்தும் சேர்ந்து தி க்ளவ் பெயரில் ‘ப்ளூ சன்ஷைன்’ கொடுத்தார்கள். பான்ஷீஸ் பாடகி சூசியும் டிரம்மர் பட்ஜியும் தி க்ரீச்சர்ஸ் பெயரில் ‘ஃபீஸ்ட்’ கொடுத்தார்கள்.

‘ஃபீஸ்ட்’ பற்றிப் பெரிய சண்டை இல்லை. ஹவாயில் பதிவானது, டிரம், மரிம்பா என்ற மரக்கட்டைத் தாளக் கருவி, சூசியின் குரல், உள்ளூர்க் குழுவினரின் பாட்டு. கிதார் தேடுபவர்களுக்குத்தான் ஏமாற்றம். பிரிட்டன் ஆல்பம் தரவரிசையில் 17-ஆம் இடம் பிடித்தது.

35-ஆம் இடத்தோடு நின்ற ‘ப்ளூ சன்ஷைன்’தான் க்யூர் ரசிகர்களை இரண்டாகப் பிரிக்கிறது. ஒப்பந்தச் சிக்கலால் ஸ்மித் இரண்டே பாட்டுகள்தான் பாடினார். குரல் வரும் மற்ற பாட்டுகளெல்லாம் நடனக் கலைஞர் ஜெனெட் லாண்ட்ரே. அவர் குரலில் உயிரில்லை என்பது ஒரு கட்சி. அந்தத் தட்டையான குரல்தான் பாட்டுக்குப் போதை ஏற்றுகிறது என்பது இன்னொரு கட்சி. 2006 மறுவெளியீட்டில் ஸ்மித்தே பாடிய டெமோக்கள் (முன்னோட்டப் பதிவுகள்) வந்ததும், “இதுதானே நாங்கள் கேட்டது!” என்று முதல் கட்சிக்குத் தெம்பு வந்துவிட்டது.

நான் இரண்டாம் கட்சி. ஸ்மித் பாடினால் அது இன்னொரு க்யூர் ஆல்பமாகவே காதில் விழுகிறது. ‘லைக் அன் அனிமல்’ பாட்டில் லாண்ட்ரே உணர்ச்சியைக் காட்டாமல் பாடப் பாட, பின்னால் இசை மட்டும் வெறிபிடித்து ஓடும். அந்த இடைவெளி எனக்கு வேண்டும். ஆனால் ஒரே மூச்சில் முழு ஆல்பம் கேட்க வேண்டுமென்றால், என் கை ‘ஃபீஸ்ட்’ பக்கம்தான் போகிறது.