கானும் குழியும்: வன்னி வளவுக்கு எது எதற்கு?

கிளிநொச்சிப் பக்கம் வீடு கட்டும்போது கட்டாயம் வரும் கேள்வி, "கழிவுத் தண்ணியை எங்க விடுறது?" என்பது. வீட்டு முன்னால் கான் (மழைநீர் வடிகால்) போனால் யோசிக்கவே மாட்டார்கள். எங்கள் மேசனும் அப்படித்தான் சொன்னார்: "ரெண்டு இஞ்சிப் பைப் ஒண்டைக் கானுக்கு வைப்பம் அக்கா, எல்லாம் ஓடிப் போயிடும்." ஓடித்தான் போகும். எங்கே போகும் என்பதுதான் என் கவலை.

கான் மழைக்காக வெட்டியது. ஏ9 வீதியோரக் கொங்கிறீட் கானானாலும், ஒழுங்கைக் கரையில் மண்வெட்டியால் இழுத்த வாய்க்காலானாலும் வேலை ஒன்றுதான். விழுந்த மழையை மதகு தாண்டிப் பள்ளத்துக்கும், அங்கிருந்து குளத்துக்கோ ஆற்றுக்கோ கொண்டுபோய்ச் சேர்க்கும். நடுவில் எந்தச் சுத்திகரிப்பும் இல்லை. வன்னியில் ஒரு குளத்தின் மிச்சத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் கனகராயன் ஆறு வழியாகச் சுண்டிக்குளம் கடல்நீரேரிக்குப் போகும். கானில் விட்டதெல்லாம் அந்த வழியில் இருக்கிற மாடு, மீன், வயல், குளிக்கிற பிள்ளை எல்லாவற்றையும் தொட்டுத்தான் போகும்.

மலசலகூடக் குழியின் (செப்டிக் டாங்கும் உறிஞ்சு குழியும் சேர்ந்தது) கணக்கு வேறு. கால் ஏக்கர் வளவில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழுகிற தண்ணீர் ஏறத்தாழ 1 இலட்சம் லீற்றர். ஐந்து பேர் இருக்கிற வீட்டில், ஆளுக்கு 120 லீற்றர் என்று வைத்தால், ஒரு நாள் கழிவுநீர் 600 லீற்றர்தான். கான் ஒரே நாளில் பெருந்தண்ணீரைத் தள்ளிவிட்டு, கோடை முழுக்கக் காய்ந்து கிடக்கும். குழிக்கு ஓய்வே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக வருவதைத் தினமும் வாங்கி, ஆறப்போட வேண்டும். அதனால்தான் ஒன்றின் வேலையை மற்றதால் செய்ய முடியாது. கோடையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு பைப் வாயைப் பார்த்திருக்கிறேன்: அடித்து ஓட மழை இல்லாமல் சாம்பல் நிறச் சளி மாதிரி தேங்கி, அதற்குள் நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன.

ஒழுங்காகக் கட்டிய செப்டிக் டாங்கில் இரண்டு அறை இருக்கும். கனமானது அடியில் தங்கும், எண்ணெய்ப்பசை மேலே மிதக்கும், காற்றில்லாமல் வாழும் பக்டீரியா அடியில் கிடப்பதை மெல்லத் தின்னும். நடுவில் இருக்கிற தண்ணீர் மட்டும் அடுத்த அறைக்கும், அப்புறம் தண்ணீரை மண்ணுக்குள் இறங்கவிடுகிற உறிஞ்சு குழிக்கும் போகும். பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் அதில் கிருமி இருக்கிறது. கடைசிச் சுத்தத்தை மண்தான் செய்கிறது. அதற்காகத்தான் கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளச் சொல்வார்கள். உங்கள் கிணறு மட்டுமல்ல, வேலிக்கு அப்பால் இருக்கிற கிணற்றையும் அளக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

குழிக்கும் பலவீனம் உண்டு. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது எங்கள் வளவில் நிலத்தடி நீர் மேலே ஏறி, உறிஞ்சு குழி ஒரு சொட்டும் குடிக்கவில்லை. வாளித் தண்ணீர் ஊற்றினால் அப்படியே நிற்கும். அன்றைக்குக் குழியைக் குறைசொன்னேன். பிறகு பார்த்தால், கூரைப் பீலித் தண்ணீரையும் குழிப்பக்கம் திருப்பி வைத்திருந்தோம். மழைத்தண்ணீர் டாங்குக்குள் புகுந்தால் அடியில் இருக்கிற சேற்றைக் கிளப்பி உறிஞ்சு குழிக்குத் தள்ளும், மண்ணின் கண் அடைபடும். கானுக்குக் கழிவு விடுவது எவ்வளவு பிழையோ, குழிக்கு மழை விடுவதும் அவ்வளவு பிழை. இப்போது பீலி கானுக்குப் போகிறது, டாங்க் மூடி நிலத்துக்கு மேலே அரை அடி உயரத்தில் நிற்கிறது.

கொழும்பில் உள்ளதுபோல் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய் வந்தால் இந்தக் கரைச்சல் இல்லையே என்பார்கள். வீடுகள் இவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கிற ஊருக்கு அந்தச் செலவு பொருந்தாது. கலி பவுசர் (குழிச் சேற்றை உறிஞ்சி எடுக்கிற லொறி) வந்து நிற்க வழியுள்ள, சேறு நிறையுமுன் இறைக்கிற நல்ல குழிதான் எங்களுக்குத் தோது. குளிக்கிற, சமையல் தண்ணீர் மட்டும் என்றால் வாழைப் பாத்திக்கு விடுங்கள்; கானுக்கு அதுவும் வேண்டாம்.

வாங்கிய வீடோ, பழைய வீடோ, பைப் எங்கே போகிறதென்று தெரியாவிட்டால் மழையில்லாத நாளில் கேசரிப் பவுடரைக் கரைத்து மலசலகூடத்தில் ஊற்றி, நாலைந்து வாளித் தண்ணீர் விட்டு, கானைப் பாருங்கள். சிவப்புத் தெரிந்தால், மாரி தொடங்குமுன் மேசனைக் கூப்பிடுங்கள்.