லேபர் வார்டில் பக்கத்தில் யார்: டூலாவா, அம்மாவா, கணவரா?

பிரசவ வலியின்போது கூடவே இருந்து தாங்கிப் பிடிக்க, காசு கொடுத்து அமர்த்தும் துணைதான் டூலா. டூலா வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, அவரை லேபர் வார்டுக்குள் விடுவார்களா என்று மருத்துவமனையில் விசாரியுங்கள். பல இடங்களில் ஒருவருக்குத்தான் அனுமதி. டூலா உள்ளே போனால் கணவரோ அம்மாவோ வெளியே நிற்க வேண்டியதுதான்.

நர்ஸ் இருக்கிறாரே என்பார்கள். குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்ப்பார், ஊசி போடுவார், அடுத்த கட்டிலில் ஒருத்தி கத்தினால் அங்கே ஓடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

டூலா நகர மாட்டார். வலி ஏறும்போது இடுப்பின் கீழ்ப்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பார். வலி விட்டதும் இரண்டு வாய் தண்ணீர் கொடுப்பார். மல்லாந்தே கிடக்க விடாமல் எழுப்பி நடக்க வைப்பார். பிபி பார்ப்பது, உள்பரிசோதனை, பிரசவம் பார்ப்பது எதுவும் அவர் வேலை கிடையாது. ஆனால் பலன் இருக்கிறது. 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் மருத்துவ ஆய்வுகளை அலசும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட முடிவு: இடைவிடாமல் துணை இருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது. துணைக்கு இருந்தவர் மருத்துவமனை ஊழியராகவும் இல்லாமல் சொந்தமாகவும் இல்லாமல், டூலா போல இருந்தபோதுதான் சிசேரியன் தெளிவாகக் குறைந்தது. சொந்தக்காரர் இருந்தபோது பெண்களின் மனநிறைவு கூடியது. தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் 2019–21 கணக்குப்படி 63.8% பிரசவம் சிசேரியன் என்பதால் இந்த வித்தியாசத்தை நான் பெரிதாகவே எடுத்துக்கொள்கிறேன். அதற்காக, கத்தி வைப்பதென்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்ட டாக்டரை டூலாவால் மாற்ற முடியாது.

அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு டூலா எட்டாத செலவு. அங்கே பிரசவத் துணையாக ஒரு பெண்ணை அனுமதிக்க 2016-இலேயே மத்திய அரசு வழிகாட்டுதல் தந்திருக்கிறது. அம்மா, அக்கா, மாமியார் யாராவது போகலாம். அம்மா கையைப் பிடித்தாலே பாதி பயம் போகும். ஆனால் மகள் துடிப்பதைப் பார்த்துத் தாங்காமல், “ஆபரேஷனே பண்ணிடுங்க டாக்டர்” என்று அவரே சொல்லிவிடுவதும் உண்டு. ஏழாம் மாதத்திலிருந்தே செக்கப்புக்குக் கூட்டிப் போய், இடுப்பை எங்கே எப்படி அழுத்துவதென்று நர்ஸிடம் கேட்டுப் பழக வையுங்கள். கணவருக்கும் இதே பாடம்தான்.

வீட்டுக்கு வந்தபின் அம்மாவுக்கு ஈடு கிடையாது. பூண்டுக் குழம்பும் பிள்ளையைக் குளிப்பாட்டும் கையும் ராத்திரி விழிப்பும் யாரால் முடியும்? ஒரு விஷயத்தில் மட்டும் டூலா பக்கம் நிற்பேன்: பால். சேனை தொட்டு வைப்பது, பச்சை உடம்பென்று தண்ணீரைக் குறைப்பது, பிள்ளை இரண்டு தரம் அழுததும் பால் பத்தவில்லையென்று புட்டியை எடுப்பது, எல்லாம் பாசத்தில் நடப்பவை. மார்பில் சரியாகப் போட்டுக் காட்டத் தெரிந்த ஒருவர் முதல் வாரத்தில் வந்துபோனால் போதும். பெற்றவர்கள் பக்கத்தில் இல்லாமல் வெளியூரில் இருப்பவர்கள் இதற்குத் தாராளமாகச் செலவழிக்கலாம். தாய் இரண்டு வாரத்துக்கு மேலும் அழுதுகொண்டே இருந்தால் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

இங்கே டூலாவுக்கென்று அரசு உரிமம் கிடையாது. அதனால் முன்பணம் கொடுக்குமுன், எத்தனை பிரசவத்துக்குத் துணை இருந்திருக்கிறார், நமக்கு வலி எடுக்கும் நாளில் அவர் வேறொரு பிரசவத்தில் இருந்தால் பதிலுக்கு யார் வருவார் என்று கேட்டுவிடுங்கள்.