வெளியே வாழும் கிழப்பூனைக்குக் குளிர்காலத்தில் எது தோது: வைக்கோல் பெட்டியா, ஹீட்டிங் பேடா, வீட்டு அறையா?

வருடக்கணக்காக வாசலிலும் தோட்டத்திலும் திரிந்த பூனைக்கு வயதாகிவிட்டது, குளிர்காலமும் வந்துவிட்டது. என்ன செய்யலாம் என்று கேட்டால் ஒருவர் தெர்மோகோல் பெட்டியில் வைக்கோல் போடச் சொல்வார். இன்னொருவர் மின்சார ஹீட்டிங் பேட் என்பார். மைக்ரோவேவில் சூடாக்கி வைக்கும் தட்டும் வெந்நீர்ப் பையும் போதும் என்போர் உண்டு. பேசாமல் வீட்டுக்குள் தூக்கி வையுங்கள் என்பது கடைசிக் கட்சி. எல்லாமே ஏதோ ஒரு பூனைக்குச் சரிதான். ஆனால் இந்த யோசனைகளில் பெரும்பாலானவை திடகாத்திரமான தெருப்பூனையை மனதில் வைத்துப் பிறந்தவை.

கிழப்பூனையின் கணக்கு வேறு. பூனையின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். கூடுதலாகச் சக்தியைச் செலவழிக்காமல் அதைக் காப்பாற்றிக்கொள்ளச் சுற்றுப்புறம் 30 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே தசையும் கொழுப்பும் ரோமமும்தான் துணை. வயதான பூனைக்கு மூன்றுமே குறைவு. முதுகைத் தடவினால் எலும்பு வரிசையாகக் கையில் தட்டும். 12 வயது தாண்டிய பூனைகளை எக்ஸ்ரே வழியாக ஆராய்ந்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், 90 சதவீதப் பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. வலிக்கிற மூட்டோடு முதுகைத் திருப்பி நக்க முடியாது. அங்கே ரோமம் சடை விழும். சடை விழுந்த ரோமத்தில் காற்று தங்காது, அதனால் கதகதப்பும் தங்காது.

இதை வைத்துத்தான் வைக்கோல் பெட்டியை எடைபோட வேண்டும். தடித்த தெர்மோகோல் பெட்டி, பூனை திரும்பிப் படுக்கும் அளவுக்கு மட்டும் இடம், தரையிலிருந்து செங்கல் உயரம், காற்று வராத பக்கம் பார்த்த சிறிய வாசல். செலவு குறைவு, மின்சாரம் வேண்டாம், கெட்டுப்போகவும் ஒன்றுமில்லை. உள்ளே போடுவது வைக்கோலாகவே இருக்கட்டும். அதன் தண்டு குழலாக இருப்பதால் காற்றைப் பிடித்துக்கொள்ளும், ஈரத்தைச் சீக்கிரம் உறிஞ்சாது. காய்ந்த புல் ஈரம் இழுத்துப் பூஞ்சை பிடிக்கும். பழைய போர்வை பார்க்க இதமாகத்தான் இருக்கும். நனைந்த பூனை ஒருமுறை ஏறிப் படுத்தால் அந்த ஈரமே அதன் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். காலையில் வைக்கோலுக்குள் கையை விட்டுப் பாருங்கள். அடியில் சில்லென்று ஒட்டினால் மாற்றும் நேரம்.

ஆனால் இந்தப் பெட்டி சூடு எதையும் உண்டாக்குவதில்லை. பூனையின் சூட்டை வெளியே விடாமல் வைத்திருக்கும், அவ்வளவுதான். விறகு தீர்ந்த அடுப்பை எவ்வளவு மூடி வைத்தாலும் சமையல் நடக்காது. இளம் பூனைக்கு இது அரண்மனை. மெலிந்த கிழத்துக்குப் பாதித் தீர்வு. இன்னொரு சிக்கல் வாசல். மழைநீர் புகாமலிருக்க அதைத் தரைமட்டத்திலிருந்து உயர்த்தி வெட்டச் சொல்வார்கள். மூட்டு வலிக்காரப் பூனை அதைத் தாண்ட யோசித்து வெளியிலேயே சுருண்டுவிடும். வாசலைத் தாழ்த்தி வெட்டி மேலே ஒரு கூரை நீட்டுங்கள், அல்லது முன்னால் படியாக ஒரு பலகை வையுங்கள்.

குறைகிற சூட்டை ஈடுகட்டுவதில் ஹீட்டிங் பேடுக்கு நிகரில்லை. ஆகவே வழக்கமான தெருப்பூனைக்கு அது ஆடம்பரம் என்று சொல்லும் நானே, கிழப்பூனைக்கு வாங்கச் சொல்வேன். வெளியில் வைக்கத்தக்கது என்று குறிப்பிட்ட, விலங்குகளுக்கான, வெப்பக் கட்டுப்பாடு உள்ள பேடாக மட்டும் இருக்க வேண்டும். மனிதர் இடுப்பு வலிக்கு வைத்துக்கொள்வது வேண்டாம். எழுந்து நகரச் சோம்பும் பூனை அதன்மேலேயே கிடந்து தோல் வெந்துபோகும். பெட்டியின் பாதித் தரையில் பேட், மறுபாதியில் வைக்கோல். சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். பேடின் மேல் வைக்கோலைக் குவிக்காதீர்கள், தீப்பிடிக்கலாம். வயரைக் கடிக்க முடியாத உறைக்குள் விட்டு, மின்கசிவு ஏற்பட்டால் தானே அணையும் பாதுகாப்பு சுவிட்சோடு இணையுங்கள். நடுராத்திரியில் மின்சாரம் போனால் வைக்கோல்தான் கைகொடுக்கும். ஆகவே பேட் பெட்டிக்கு மாற்று ஆகாது.

மைக்ரோவேவ் தட்டைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. சாயங்காலம் வைத்தால் சில மணி நேரம் சுகம். குளிர் உச்சத்துக்குப் போகும் விடியலுக்கு முன் அது ஆறியிருக்கும். வெந்நீர்ப் பை ஆறிவிட்டால் பூனையின் சூட்டையே வாங்கத் தொடங்கும். நகம் பட்டால் படுக்கை முழுக்க நனையும்.

இடவசதி இருந்தால் என் ஓட்டு வீட்டு அறைக்குத்தான். முழு வீட்டையும் திறந்துவிட வேண்டியதில்லை. காற்று புகாத ஒரு சின்ன அறை, விளிம்பு தாழ்ந்த மணல் தட்டு, அதன் பழைய படுக்கைத் துணி, ராச்சாப்பாடு அங்கேயே. கத்தித் தீர்க்கும் பூனையும் உண்டு; குளிர் முற்றுமுன் இலையுதிர் காலத்திலேயே சாப்பாட்டை உள்ளே வைத்துப் பழக்கினால் எதிர்ப்பு குறையும். சிறுநீரகம் பலவீனமான பூனைக்கு இதில் இன்னொரு லாபம், குடிநீர் உறையாது. குளிர்காலம் முழுக்க உள்ளே வைத்துவிட்டுத் திடீரென்று ஒரு உறைபனி இரவில் வெளியே விடுவதுதான் கூடாது.

கார் கொட்டகையை நடுவழி என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. காற்று அடிக்காதுதான், ஆனால் சிமெண்ட் தரை சூட்டை இழுக்கும், எஞ்சின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு சேரும். எல்லாவற்றையும் விட, ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் கலந்த திரவம் சிந்தியிருந்தால் ஒரு டீஸ்பூனுக்குள்ளேயே பூனையைக் கொன்றுவிடும். விஷமுறிவு மருந்து பூனைக்குப் பலிப்பது முதல் மூன்று மணி நேரத்துக்குள்தான். கொட்டகையைத் தவிர வழியே இல்லையென்றால் தரையைக் கழுவி, தூக்கிய பெட்டியை உள்ளே வைத்து, காரை வெளியே நிறுத்துங்கள். வெளியே நிற்கும் காரிலும் கதகதப்புக்காகப் பூனை எஞ்சினுக்குள் ஏறும். கிளப்புமுன் பானெட்டைத் தட்டுங்கள்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், நடுங்கிக்கொண்டிருந்த பூனை நடுக்கம் நின்று விறைத்துக் கிடந்தால் தேறிவிட்டது என்று எண்ண வேண்டாம். உடல் வெப்பம் அபாயகரமாக இறங்கிவிட்டதன் அறிகுறி அது. உலர்ந்த துணியில் சுற்றி, துண்டு சுற்றிய வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலை அருகில் வைத்து மருத்துவரிடம் கொண்டு ஓடுங்கள். வெளுத்துப்போன காது நுனியையோ வால் நுனியையோ தேய்க்காதீர்கள். வலிக்கிறதே என்று பாராசிட்டமாலும் கொடுக்காதீர்கள், பூனைக்கு அது விஷம்.