பீகிள் என்று நம்பி வாங்கிய கப்பல்: மூன்று வருடம் கழித்து

பாறசாலை நண்பர் ஒருவர் போன வாரம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்: “அண்ணே, பீகிள் கப்பல் கிட் விலை குறைஞ்சு கிடக்கு. நீங்க கட்டினதுதானே, வாங்கலாமா?” டார்வின் உலகம் சுற்றிய பீகிள் கப்பலின் பிளாஸ்டிக் மாடலை ஒட்டிக் கட்டும் பெட்டியைத்தான் கேட்கிறார். கேட்ட நேரம் சரியில்லை. அதே கப்பலின் நடுப்பாய்மரக் கயிறுகளை மூன்றாவது தடவையாக அறுத்துப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு விரல்கள் பசையில் ஒட்டிப் பிரியாமல் கிடந்தன. அந்தச் சூட்டில் நான் அனுப்பிய பதிலை இங்கே எழுத முடியாது. ஆறிய பிறகு எழுதுவது இது.

பிளாஸ்டிக்கில் பெரிய குறை இல்லை. உடலின் இரண்டு பாதிகளும் நன்றாகவே பொருந்தின, பலகை ரேகைகூடத் தெளிவாக இருக்கிறது. பாய்கள் மட்டும் பொரித்த பப்படம் மாதிரி. தூக்கிப் போட்டுவிட்டுப் பாய் இல்லாமலே கட்டினேன்.

என் எரிச்சல் வேறு. இது பீகிளே இல்லை.

முதலில் சந்தேகப்பட்டது நான் இல்லை, எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் குளச்சல் பாட்டா. அலமாரியில் இருந்ததைக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். “அணியத்தப் பாரு மக்கா, எம்புட்டு கொழுத்து உருண்டு கெடக்கு. இது சாமான் ஏத்துற கப்பலாக்கும்” என்றார். அணியம் என்றால் கப்பலின் முன்பக்கம். டார்வின் போன கப்பல் பாட்டா, கடற்படைக் கப்பல் என்று நான் விளக்கினேன். அவர் சிரித்துக்கொண்டே கூடையைத் தூக்கினார்.

அந்தச் சிரிப்பு உறுத்தியது. பீகிள் 1820-இல் வூல்விச்சில் நீரில் இறங்கியது, தள நீளம் 90 அடி 4 அங்குலம். பெட்டியில் போட்டிருப்பது 96-இல் ஒரு பங்கு. கணக்குப்படி மாடலில் 28.7 சென்டிமீட்டர் வர வேண்டும். மனைவியின் தையல் டேப்பை எடுத்து அளந்தேன். வரவில்லை. மறுபடி அளந்தேன், அப்போதும் வரவில்லை. தேடிப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்தக் கம்பெனி 1950-களில் பவுண்டி என்ற கப்பலுக்கு, இதைவிடச் சிறிய விகிதத்தில், ஓர் அச்சு செய்திருக்கிறது. பிறகு அதையே அங்கே இங்கே தட்டிக்கொட்டிப் பீகிள் என்று பெட்டி போட்டுவிட்டது. அசல் பவுண்டி 90 அடி 10 அங்குலம். ஆறு அங்குல வித்தியாசத்தை எவன் பார்க்கப்போகிறான் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் பீகிள் கடற்படைக்கென்றே கட்டியது. பவுண்டியோ 1784-இல் பெத்தியா என்ற பெயரில் கட்டிய சரக்குக் கப்பல், கடற்படை அதை 1787-இல்தான் வாங்கியது. பாட்டா சொன்னது அப்படியே சரி.

இது இந்தத் தொழிலில் பழைய வித்தைதான். கட்டி சார்க் என்ற கப்பலின் அச்சு அதன் போட்டிக் கப்பலான தெர்மோபிலே பெயரிலும் வந்தது. கியர்சார்ஜ் என்ற போர்க்கப்பலின் அச்சு அலபாமா என்றும் விற்றது. 1864-இல் ஷெர்பூர் அருகே அலபாமாவைச் சுட்டு மூழ்கடித்ததே கியர்சார்ஜ்தான். கொன்றவனுக்கும் செத்தவனுக்கும் ஒரே உடம்பு! அதனால் பெட்டி இல்லாமல் பழைய கிட் ஏதாவது கையில் கிடைத்தால் பாய்மரத்தை நம்பாதீர்கள், அதை எப்படியும் மாற்றி நட்டுவிடலாம். உடலை அளந்து பாருங்கள், அணியத்தையும் பின்பக்கமான அமரத்தையும் படத்தோடு ஒப்பிடுங்கள்.

கயிறு விஷயத்தில் தப்பு பாதி என்னுடையது. பெட்டியில் வந்த நூல் பிடிக்காமல் பருத்தி நூல் போட்டேன். களியக்காவிளையில் இடவப்பாதி மழை தொடங்கினால் உப்பு டப்பாவே தண்ணீர் விடும். நூல் ஈரம் குடித்து இறுகியதில் பாய்மரத்தின் மேல்துண்டு வில்லாக வளைந்தது. வெயில் அடித்ததும் எல்லாக் கயிறும் துணிக்கொடி மாதிரி தொய்ந்தது. இரண்டு வருடம் இதே கூத்து. இப்போது தையல் கடை பாலியஸ்டர் நூலை மார்த்தாண்டத்தில் வாங்கிய தேன்மெழுகில் இரண்டு முறை இழுத்துக் கட்டியிருக்கிறேன். பஞ்சு பிசிறு நிற்பதில்லை, முடிச்சும் நழுவுவதில்லை. அலமாரியைத் திறந்தால் மெல்லிய தேன் வாசம் வேறு. இந்த ஒரு விஷயத்துக்காக அந்தக் கப்பலை நான் தினமும் திறந்து பார்க்கிறேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. பவுண்டி தஹிதிக்குப் போனது எதற்கென்று நினைக்கிறீர்கள்? சீமைச்சக்கைக் கன்று எடுக்க, அதாவது சீமைப்பலா. மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்கு மலிவாகச் சோறு போடும் திட்டம் அது. கேப்டனின் பெரிய அறையையே கன்றுகளுக்கு ஒதுக்கிவிட்டு, கேப்டன் பிளை ஒரு சின்ன அறையில் ஒடுங்கிக் கிடந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கன்றுகளோடு கிளம்பியவரை 1789 ஏப்ரல் 28-இல் கலகம் செய்த மாலுமிகள் படகில் இறக்கிவிட்டு, கன்றுகளையும் கடலில் வீசினார்கள். எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கிறது ஒரு சீமைச்சக்கை மரம். இதைப் படித்த அன்று மதியம் இலையில் அதன் தீயல்தான். டார்வினைப் பறிகொடுத்த கோபம் அன்றைக்குக் கொஞ்சம் தணிந்தது, பொய் சொல்லக்கூடாது. பீகிள் என்ற பெயர்ப்பலகையைப் பெயர்த்து மேசை டிராயரில் போட்டுவிட்டேன். இப்போது பெயரில்லாமல்தான் நிற்கிறது.

சரி, நண்பருக்குப் பதில்: வாங்காதீர்கள். டார்வினுக்காக என்றால் கண்டிப்பாக வேண்டாம். விலை இன்னும் பாதியாகக் குறைந்தாலும் பொய் பொய்தான்.

அந்த லிங்க்கை மட்டும் எனக்கு அனுப்பிவிடுங்கள். வளைந்த பாய்மரத்தை நிமிர்த்தும்போது போன ஞாயிற்றுக்கிழமை அது ஒடிந்துவிட்டது. மாற்றுவதற்கு இன்னொரு பெட்டி வேண்டும்.