காரைக்குடி வெயிலில் ஒரு நீர்மூழ்கி மாடல்: சில வருட அனுபவம்

டைப் செவன் சி, இரண்டாம் உலகப்போர் கால ஜெர்மன் நீர்மூழ்கி, 1/72 அளவு. கட்டி முடித்து எங்கள் வீட்டுப் பட்டாலையில் (முன்கூடத்துத் திண்ணையில்) வைத்துச் சில வருடம் ஆகிவிட்டது. கிட் (பாகங்களாக வரும் மாடல்) பெட்டியைத் திறந்த வாரமே எழுதுகிற விமர்சனம் எவ்வளவோ கிடைக்கிறது. நம்ம ஊர் சித்திரை வெயிலும் ஐப்பசி அடைமழையும் மாறி மாறிப் பட்ட பிறகு எது நிற்கிறது, எது போகிறது என்று சொல்பவர்கள்தான் குறைவு. அதனால்தான் எழுதுகிறேன்.

உண்மைக் கப்பல் 67.1 மீட்டர் நீளம், ஆக மாடல் சுமார் 93 செ.மீ. இவ்வளவு நீளமான பிளாஸ்டிக் உடலை இரண்டு பித்தளைக் கால்களின் மேல் நிறுத்தி, வெயில் காலத்தில் ஓட்டு வீட்டுக்குள் வைத்தால் நாளாக நாளாகத் தொய்வு விழும். அதனால் உடலை மூடும் முன்பே முன்னிருந்து பின்வரை ஒரு அலுமினியக் குழாயை அரால்டைட் போட்டு உள்ளே ஒட்டிவிட்டேன். வெளியே தெரியாத வேலைதான், ஆனால் இன்றைக்கும் நூல் பிடித்துப் பார்த்தால் நேராக நிற்கிறது. உடல் பாகங்களை ஒட்டும் கோடும் அப்படித்தான். பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுகிற பசை மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே சுருங்கி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கிப் பெயின்ட் அடித்தால், சில மாதம் கழித்து அந்தக் கோடு மறுபடி எட்டிப்பார்க்கும். ஒட்டிய உடலை அப்படியே பரணில் போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள்.

இந்த மாடலின் உயிரே பக்கவாட்டில் வரிசையாக இருக்கும் தண்ணீர் புகும் துளைகள்தான். என் கிட்டில் பல துளைகள் வெறும் பள்ளமாகத்தான் இருந்தன. துளைத்துத் திறந்தால் மட்டும் போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒன்றரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் 72 மடங்கில் 10 செ.மீ.க்கு மேல் வருகிறது. கடலடியில் அழுத்தம் தாங்கிய உள் உடலின் எஃகே 18.5 மி.மீ. தான், அதைச் சுற்றியிருந்த வெளித்தகடு அதைவிட மெல்லியது. ஆகவே ஒவ்வொரு துளையையும் கைத் துளைப்பானால் திறந்து, மூலையைப் பிளேடால் சதுரமாக்கி, பின்பக்கமிருந்து ஓரத்தைச் சுரண்டிச் சுரண்டி மெலிதாக்கினேன். உள்ளே மங்கிய கறுப்பு அடித்தேன். விரல் நுனி வலிக்கும், பரவாயில்லை. மாலை வெளிச்சம் முற்றத்திலிருந்து சாய்வாக விழும்போது அந்தத் துளைகளுக்குள் நிஜமான இருட்டு தெரிகிறது. பள்ளத்தில் பூசிய கறுப்பு ஒருநாளும் அப்படித் தெரியாது.

பெயின்ட் அடிக்க இங்கே மாதம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். பங்குனி, சித்திரையில் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட், அதைத் தெளிக்கிற ஏர்பிரஷ் முனையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும், விடியற்காலையில் அடித்தால் சரி. மழைக்காலத்தில் தின்னர் கலந்து அடிக்கும் லேக்கர் பெயின்ட் வேண்டவே வேண்டாம். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதன்மேல் படியும், வெள்ளையாகப் பூத்துவிடும். எனக்குத் தை, மாசிதான் தோதாக இருந்தது. நிறத்தைப் பொறுத்தவரை மேலே வெளிர் சாம்பல், நீர்மட்டத்துக்குக் கீழே அடர் சாம்பல். மேல்தளம் மரப்பலகை என்று படித்தவுடன் பலர் பழுப்பு அடித்துவிடுகிறார்கள். அந்தப் பலகைக்குக் காப்பாகப் பூசிய பூச்சு கிட்டத்தட்டக் கறுப்பு, கறுத்த சாம்பல் அடித்தால்தான் சரியாக இருக்கும்.

அப்புறம் துரு. தொண்டிக் கரைக்குப் போய்ப் படகுகளின் இரும்பைப் பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் எனக்கு இது பிடிபட்டது. துரு எல்லா இடத்திலும் சமமாக வருவதில்லை, போல்ட் தலையிலும் பெயின்ட் உரிந்த ஓரத்திலும் தொடங்கித் தண்ணீர் வழியும் பாதையில் இறங்குகிறது. இரும்பு அரிப்பை ஆராய்கிற செக்ரி ஆய்வு நிறுவனம் நம்ம ஊரிலேயே இருக்கிறது. அந்தத் துறை தெரிந்த நண்பர் ஒருவர், அலை அடித்து நனைந்து, காய்ந்து, மறுபடி நனைகிற பகுதியில்தான் அரிப்பு கடுமை என்றார். அதன்படி துளைகளுக்குக் கீழேயும் நீர்மட்டத்தை ஒட்டியும் மட்டும் எண்ணெய் வண்ணத்தில் மெல்லிய கோடுகள் இழுத்தேன். பெயின்ட் உரிந்த தோற்றத்துக்கு அடுக்களைக் கல்லுப்பே போதும். இடித்து, ஈரமான பரப்பில் தூவி, காய்ந்ததும் மேல் நிறம் அடித்து, பிறகு தேய்த்து எடுத்தால் ஓரங்கள் ஒழுங்கில்லாமல் வரும். தூரிகையால் அது வராது.

நிற்காமல் போனது கம்பிகள்தான். மேல்தளத்தின் நடுவில் நிற்கும் கோபுரத்திலிருந்து முன்னும் பின்னும் போகும் கம்பிகளுக்கு முதலில் நைலான் தூண்டில் நரம்பு கட்டியிருந்தேன். நைலான் ஈரத்தை உறிஞ்சி நீளும். கோடையில் விறைப்பாக நின்றது ஐப்பசியில் தளர்ந்து தொங்கியது. இப்போது இழுபடும் மெல்லிய எலாஸ்டிக் நூல், மழையோ வெயிலோ அது அசையவில்லை.

அடிப்பலகை, முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய பழைய நிலைக்கதவுத் தேக்கு. அப்பத்தாவுக்கு அந்தப் பலகைமேல்தான் முதல் கண். "ஏத்தா, இது பர்மாத் தேக்குல்ல! இந்தக் கப்பல்தான் சண்டை நேரத்துல பினாங்குக்கு வந்ததா? எங்க அப்பச்சி கொண்டுவிக்கப் போய் அங்கதானே மாட்டிக்கிட்டாக" என்று கேட்டார்கள். "இல்ல அப்பத்தா, அங்க வந்தது பெரும்பாலும் இதைவிடப் பெருசு" என்றேன். 1943-லிருந்து பினாங்கில் தளம் போட்ட ஜெர்மன் நீர்மூழ்கிகளில் அதிகம் டைப் நைன் வகை, செவன் சி-யின் எண்ணெய்க் கொள்ளளவு அந்தத் தூரத்துக்குப் பற்றாது. அடுத்தது டைப் நைன்தான் என்று அப்பத்தாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம், ஆனால் முதல் கிட்டாக வேண்டாம். ஏர்பிரஷும் உப்புத்தாளும் கைக்குப் பழகியபிறகு தொடங்குங்கள். தனியாக விற்கும் பித்தளைத் தகட்டுச் செட்டில் கோபுரத்துக் கைப்பிடிக் கம்பிகளுக்கான பகுதி மட்டும் காசுக்குப் பெறும். மிச்சத்துக்குக் கொடுக்கிற பணத்தை மூடிய அக்ரிலிக் பெட்டிக்குப் போடுங்கள், நம்ம ஊர்ச் செம்மண் தூசி ஏறிவிட்டால் மங்கல் வார்னிஷிலிருந்து அதை எடுக்கவே முடியாது.