கரண்ட்ஸ்: விலகிச் செல்பவரின் பாடல்கள்

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த கெவின் பார்க்கர், டேம் இம்பாலா என்ற பெயரில் 2015 ஜூலையில் வெளியிட்ட ‘கரண்ட்ஸ்’ தொகுப்பின் பாடல்களை எழுதி, இசைத்து, ஒலிப்பதிவும் ஒலிக்கலவையும் தாமே செய்தார். முந்தைய தொகுப்பான ‘லோனரிச’த்தில் மேலோங்கியிருந்த கிட்டாரின் இடத்தை இங்கே சின்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவி எடுத்துக்கொள்ள, கனவுநிலை போன்ற ஒலிகளால் ஆன சைகடெலிக் இசையின் மயக்கம் டிஸ்கோ தாளத்தோடு இயல்பாகவே இணைந்துவிடுகிறது.

ஏறத்தாழ எட்டு நிமிடம் நீளும் ‘லெட் இட் ஹேப்பன்’ என்ற முதல் பாடலே என் கணிப்பில் இத்தொகுப்பின் உச்சம். பாதி வழியில், கீறல் விழுந்த குறுந்தகடு போல ஒரே துணுக்கு திரும்பத் திரும்பச் சிக்கி நிற்கிறது. கருவி பழுதாகிவிட்டதோ என்று நாம் ஐயுறும் தருணத்தில், பாடல் மேலும் விரிந்த ஒலியோடு மீண்டெழுகிறது.

காதல் முறிவைப் பாடுவோர் பெரும்பாலும் கைவிடப்பட்டவரின் பக்கமே நிற்பார்கள். ‘ஈவென்சுவலி’ பாடலோ, விலகிச் செல்பவரின் குற்றவுணர்வைப் பேசுகிறது. ‘தி லெஸ் ஐ நோ தி பெட்டர்’ பாடலில் பொறாமையால் வெந்துகொண்டிருப்பவனின் புலம்பலுக்கு அடியில் ஓடும் தாழ்சுருதி பேஸ் இசை, கேட்பவரை ஆடவே வைக்கிறது. சுருதி தாழ்த்திய குரலில் கதை சொல்லும் ‘பாஸ்ட் லைஃப்’ மட்டும் எனக்குச் சற்றுச் செயற்கையாகப் பட்டது. இறுதிப் பாடலைப் பாடகி ரிஹானா 2016இல் தமது ‘ஆன்டி’ தொகுப்பில் ஏறக்குறைய அப்படியே பாடினார். இரண்டில் எனக்குப் பிடித்தது பார்க்கரின் மூலமே.