பேச்சா, படையா: சீனா தன் எல்லைகளில் எதனால் எதைப் பெற்றது?

சீனாவுக்கு 14 நாடுகளோடு தரை எல்லை உண்டு. மொத்த நீளம் சுமார் 22,000 கிலோமீட்டர். இவற்றில் 12 நாடுகளோடு கோடு எங்கே போகிறது என்பதைப் பேசி, கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டார்கள். மிச்சம் இந்தியாவும் பூட்டானும்தான். தென்சீனக் கடலில் நிலைமை நேர்மாறு. கடலோரக் காவல் கப்பல்களும் தண்ணீர்ப் பீரங்கிகளும் செயற்கைத் தீவுகளும் வந்தபிறகும், அங்கே சீனா தனதென்று சொல்லும் எல்லையை வியட்நாமோ பிலிப்பைன்ஸோ ஏற்கவில்லை.

"வல்லரசு ஆக வேண்டுமென்றால் படையைக் காட்டித்தான் ஆக வேண்டும்" என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை நிதானமாகப் பார்க்க வேண்டும். நியாய அநியாயத்தைக்கூட ஒதுக்கி வைத்துவிடுவோம். சீனாவின் சொந்த லாப நஷ்டத்தை மட்டும் அளந்தாலே, பேச்சில் வந்தது நிலைத்திருக்கிறது, படையால் வந்ததற்கு இன்னும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் முடிவு.

இரண்டு வழிகளையும் ஒரே நாட்டின் மேல் சீனா பயன்படுத்திப் பார்த்த இடம் வியட்நாம். 1979 பிப்ரவரி 17 அன்று சீனப் படைகள் வியட்நாமின் வடக்கு எல்லையைத் தாண்டின. ஒரு மாதத்தில் திரும்பிப் போயின. இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். கம்போடியாவுக்குள் புகுந்திருந்த வியட்நாம் படையை அங்கிருந்து வெளியேற்றுவதுதான் நோக்கம் என்றால், அது நடக்க இன்னும் பத்து வருடம் ஆனது. 1980கள் முழுக்க எல்லையில் பீரங்கிச் சத்தம் ஓயவில்லை. 1991இல் உறவு சீரானது. அப்புறம் 1999 டிசம்பரில் தரை எல்லை ஒப்பந்தம். தகராறில் இருந்த நிலம் சுமார் 227 சதுர கிலோமீட்டர். அதில் வியட்நாமுக்கு 113, சீனாவுக்கு 114. எல்லையில் விழும் பான் சோக் அருவியைக்கூடப் பங்கிட்டுக்கொண்டார்கள். 2008 முடிவதற்குள் எல்லைக் கற்களையும் நட்டுவிட்டார்கள்.

அதே வியட்நாமோடு கடலில் என்ன நடந்தது? 1974இல் பாராசெல் தீவுகளில் அன்றைய தென் வியட்நாமிடம் இருந்தவற்றைச் சீனா சண்டையிட்டு எடுத்துக்கொண்டது. 1988 மார்ச்சில் ஸ்பிராட்லி தீவுக்கூட்டத்து ஜான்சன் பவளத் திட்டில் சீனாவோடு நடந்த மோதலில் 64 வியட்நாம் வீரர்கள் இறந்தார்கள். 2014இல் பாராசெல் அருகே எண்ணெய்த் துரப்பண மேடை ஒன்றைச் சீனா கொண்டுவந்து நிறுத்தியதும் வியட்நாமில் கலவரமே வெடித்தது. தீவுகள் சீனாவின் கையில் இருப்பது உண்மை. ஆனால் வியட்நாம் அரசு சும்மா இருக்கவில்லை. ரஷ்யாவிடமிருந்து ஆறு நீர்மூழ்கிக் கப்பல்கள் வாங்கியது. 2016இல் அமெரிக்க ஆயுதத் தடை முழுதாக நீங்கியது. 2018இல் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் டா நாங் துறைமுகத்துக்கே வந்தது. அமெரிக்காவோடு அத்தனை கொடிய போர் நடத்திய நாடு இது! அதை அமெரிக்காவின் பக்கம் நகர்த்தியதில் பெய்ஜிங்கின் அழுத்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

பிலிப்பைன்ஸில் நஷ்டம் இதைவிடத் தெளிவு. 1992இல் அமெரிக்கத் தளங்கள் அங்கிருந்து போய்விட்டன. 1995இல் மிஸ்சீஃப் திட்டைச் சீனா பிடித்தது. 2012இல் ஸ்கார்பரோ திட்டும் அதன் கட்டுப்பாட்டுக்குள் போனது. 2016இல் இந்தக் கடல் தகராறில் பன்னாட்டு நடுவர் தீர்ப்பாயம் பிலிப்பைன்ஸ் பக்கம் தீர்ப்பு சொன்னது, சீனா ஏற்கவில்லை. 2023இல் அமெரிக்கப் படைகள் வந்து தங்கிப் பயன்படுத்தக்கூடிய முகாம்கள் ஐந்திலிருந்து ஒன்பதாயின. புதியவற்றில் மூன்று, தைவானை நோக்கிய வடக்கு லூசோனில் இருக்கின்றன. சீனாவுக்குத் தைவானைவிடப் பெரிய கவலை எது? சில பவளத் திட்டுகளுக்காக அந்த வாசலில் எதிராளியைக் கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறார்கள்.

படை வழிக்காரர்களுக்கு ஒரு வலுவான பதில் உண்டு: "முதலில் அடித்ததால்தானே பிறகு பேச வந்தார்கள்?" ரஷ்ய எல்லையைப் பார்த்தால் அது பொருந்தவில்லை. 1969 மார்ச்சில் உசூரி நதித் தீவுக்காகச் சீனாவும் சோவியத் ஒன்றியமும் சுட்டுக்கொண்டன. செப்டம்பரில் பெய்ஜிங் விமான நிலையத்தில் சோவியத் பிரதமர் கோசிகினும் சீனப் பிரதமர் சௌ என்லாயும் சந்தித்ததால் பதற்றம் தணிந்ததே தவிர, எல்லை தீரவில்லை. நதியின் முதன்மை ஓடையே எல்லையாக இருக்கலாம் என்று 1986இல் விளாடிவோஸ்டோக்கில் சோவியத் தலைவர் கோர்பசேவ் சொன்ன பிறகுதான் வழி திறந்தது. 1991, 2004 ஒப்பந்தங்களுக்குப் பின் 2008இல் கபரோவ்ஸ்க் எதிரே உள்ள பெரிய தீவைப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சண்டைக்கும் தீர்வுக்கும் நடுவே போனது ஏறக்குறைய நாற்பது வருடம்.

பேச்சு என்றாலே சமத்துவம் என்று நான் சொல்லவில்லை. தஜிகிஸ்தானிடம் சீனா கேட்டது சுமார் 28,000 சதுர கிலோமீட்டர், வாங்கியது ஏறக்குறைய 1,000. ஏழை நாடு ஒன்று பெரிய அண்டை வீட்டாரிடம் பேசி ஒத்துக்கொண்டது அது. அந்தப் பேரத்தில் வலியவன் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பாமிர் மலையில் அந்தக் கோட்டுக்காக இன்று யாரும் சாகவில்லை.

சரி, இந்தியா? இங்கே பேச்சும் தோற்றிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1960 ஏப்ரலில் டெல்லி வந்த சௌ என்லாய், கிழக்கை (இன்றைய அருணாசலப் பிரதேசம்) நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், மேற்கை (அக்சாய் சின்) நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்கிற தொனியில் பேசினார். நேரு ஏற்கவில்லை. 1962 போர் வந்தது. 1993, 1996 ஒப்பந்தங்கள் இரு படைகளையும் பிரிக்கும் மெய்யான கட்டுப்பாட்டுக் கோட்டில் (LAC) துப்பாக்கி வெடிக்காமல் பார்த்துக்கொண்டன, ஆனால் எல்லைக் கோட்டை வரையவில்லை. 2003இல் தொடங்கிய சிறப்புப் பிரதிநிதிகள் பேச்சு 2019க்குள் 22 சுற்று நடந்தும் வரைபடம் நகரவில்லை. எதையும் விட்டுக்கொடுக்கும் எண்ணம் இல்லாமல் நடத்தும் பேச்சு வெறும் நேரப்போக்குதான்.

2020இல் சீனா அந்த அமைதியையும் உடைத்தது. ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் 20 இந்திய வீரர்கள் இறந்தார்கள். அவர்களில் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர் ஒருவரும் உண்டு. தன் தரப்பில் நான்கு பேர் என்று சீனா எட்டு மாதம் கழித்துச் சொன்னது. அதற்கு முன் 45 வருடம் அந்தக் கோட்டில் மோதலில் உயிர்ச்சேதம் இல்லை. பெய்ஜிங் அதனால் பெற்றது என்ன? இந்தியா, அமெரிக்கா, ஜப்பான் நடத்தும் மலபார் கடற்பயிற்சிக்குள் ஆஸ்திரேலியா திரும்ப வந்தது, சீன செயலிகள் தடையாயின, லடாக்கில் இரண்டு பக்கமும் பல்லாயிரம் வீரர்கள் குளிர்காலம் குளிர்காலமாக நின்றார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டு இறுதியில் இந்தியா லடாக்கில் பாங்காங் ஏரிக்குத் தெற்கே உள்ள கைலாஷ் மலைத்தொடரின் உச்சிகளில் ஏறி நின்றது. பாங்காங் ஏரிக்கரையிலிருந்து இரு தரப்பும் பின்வாங்க அது உதவியது. தற்காக்கிற நாட்டுக்குப் படை வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த உச்சிகளையும் மேசையில் வைத்துப் பேசித்தான் 2021 பிப்ரவரியில் பின்வாங்கல் நடந்தது. ரோந்து பற்றிய ஒப்பந்தம் 2024 அக்டோபரில் வந்ததும் படைத்தளபதிகள் 21 சுற்று பேசிய பிறகுதான்.

2025 ஆகஸ்டில் டெல்லியில் நடந்த சிறப்புப் பிரதிநிதிகள் பேச்சின் 24ஆவது சுற்றில், எளிதில் முடியக்கூடிய பகுதிகளில் முதலில் எல்லை வரைவதை ஆராய நிபுணர் குழு அமைக்க ஒத்துக்கொண்டார்கள். சிக்கிமிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து. சுமார் 220 கிலோமீட்டர், பிரிட்டனும் சீனாவும் போட்ட 1890 உடன்படிக்கை என்ற அடிப்படையும் இருக்கிறது. டோக்லாம் பக்கத்து முச்சந்தி மட்டும் பூட்டானையும் சேர்த்துப் பேச வேண்டிய இடம். அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு மற்றதை வரையலாம்.